பழைய ஆர்டர் போலவே

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலுள்ள மூக்குக்கண்ணாடிகளைக் கழுவுவது பாப்பாவின் வேலை. மூன்று பேர், நான்கு கண்ணாடி. அண்ணிக்கு மட்டும் இரண்டு, தைக்கும்போது ஒன்று, தைக்காதபோது ஒன்று. கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு சொட்டு சோப்பு. மூக்கில் படும் இடத்தில் சேர்ந்திருக்கும் பச்சை அழுக்கைத் தேய்ந்துபோன டூத்பிரஷ்ஷால் எடுத்து, பழைய பனியன் துணியில் ஒற்றி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பாள். ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. லென்ஸ் தேய்க்கிறவர் வீட்டில் அது சட்டம்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்து நாலு. பத்து வயது மூத்த அண்ணன் தொட்டிலில் பார்த்துக் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தலை பாதி நரைத்த பிறகும் அண்ணன் வாசலில் நின்று "பாப்பா, குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பார், தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் குழந்தையைத் தேடுவார்கள். பள்ளி முடித்ததும் ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். பிறகு ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்தாள். பிறகு குழாய் விற்கிற கம்பெனியில் டைப் அடித்தாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்கிறவர்களிடம், "வந்தவங்களை எனக்குப் பிடிக்கல, எனக்குப் பிடிச்சவங்க வரல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக் கதைக்குப் போய்விடுவாள். முப்பத்தாறாவது வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து புரோகிராமிங் படித்தாள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றது. படித்து முடித்து வேலை தேடி அலைந்தபோது, தான் வேலை பார்க்கிற பட்டறைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஓனர் முன்னால் நிறுத்தினார் அண்ணன்.

ஏழு கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற பட்டறை அது. முன்னால் ஓனரின் மேசை. நடுவில் மூன்று மெஷின்கள், எந்நேரமும் தண்ணீர் ஓடும் சத்தம், தரையில் வெள்ளைச் சேறு. பின்னால் பேக்கிங் மேசை. பழைய ஸ்டோர் ரூமைப் பலகை அடித்து மறைத்துப் பாப்பாவுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஆறு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து, பட்டறைக்கு வேண்டிய புரோகிராமை அவள் ஒருத்தியே எழுதியிருக்கிறாள். கடைக்காரர்கள் அங்கிருந்தே ஆர்டரை அடிப்பார்கள். பெயர், ஃபிரேம், பவர் எல்லாம் மெஷின் பக்கத்து ஸ்கிரீனில் வந்துவிடும். அண்ணன் பவரைப் பார்த்து ஒரு காகிதக் கவரில் பேனாவால் எழுதுவார். அந்தக் கவரில் இருப்பதைத்தான் தேய்ப்பார்.

அந்தக் கவர் விஷயத்தில் அண்ணன் ஒரு மாதிரி. எழுதினால் எழுதியதுதான், அடித்துத் திருத்த மாட்டார். கடையிலிருந்து போன் பண்ணி, "சார், கால் பவர் கூட்டிக்குங்க" என்றால், பழைய கவரின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, புதுக் கவர் எடுத்து, புது எண் போட்டு எழுதி, பழையதைப் பின்னால் குத்தி வைப்பார். "ஒரு எழுத்துக்கு ஒரு கவரா? இப்படியே போனா ஒரு காகித மில்லே வாங்கித்தான் உங்களுக்குச் சப்ளை பண்ணணும்" என்று ஓனர் பொருமுவார். மெஷின்காரர்கள் அவருக்கு 'கவர் சார்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. இருபத்தாறு வருடக் கவர்கள் ரப்பர் பேண்டு போட்டுப் பட்டறைப் பரணில் இருந்தன.

அந்தக் கவர்கள்தான் வெள்ளிக்கிழமை அவர் தலையில் விழுந்தன.

ஒரு கடைக்காரப் பெண் போன் பண்ணியிருந்தாள். புதுக் கண்ணாடி வாங்க வந்த ஒருவருடைய பழைய கண்ணாடியை அளந்து பார்த்தாளாம். லென்ஸில் இருப்பது மைனஸ் ஒன்றே முக்கால். பழைய ஆர்டரை ஸ்கிரீனில் திறந்தால் மைனஸ் இரண்டே கால். "இத்தனை நாள் தப்புக் கண்ணாடியா போட்டுக்கிட்டிருந்தேன்?" என்று அந்த ஆள் கடையில் நின்று கத்தியிருக்கிறார். ஓனர் நிதானமானவர், யாரிடமும் எதுவும் சொல்லாமல், மூன்று வருடக் கவர்களை இறக்கி, மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கிரீனோடு ஒப்பிட்டார். பதினொரு கவர்கள் ஒத்துப்போகவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டும்போது ஓனர் குரலை உயர்த்தக்கூட இல்லை. பாப்பாவையும் அழைத்தார்.

"ஒண்ணு கேக்கிறேன் மேடம். சிஸ்டத்துல பவர் தானா மாறுமா?"

"தானா எப்படி சார் மாறும்? யாராவது மாத்தினாத்தான் மாறும்" என்றாள் பாப்பா.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். அது அவர் கையெழுத்துதான். ஒன்றே முக்கால் என்று அழுத்தித்தான் எழுதியிருந்தார்.

"வயசு எல்லாருக்கும்தான் ஆகுது சார்" என்றார் ஓனர். "திங்கட்கிழமையிலிருந்து நீங்க பேக்கிங்ல உக்காருங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். கண்ணையும் ஒரு தடவை காட்டிடுங்க."

"சரி முதலாளி" என்று சொல்லிவிட்டு அண்ணன் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை கண் டாக்டரிடம் அண்ணிதான் கூட்டிக்கொண்டு போனாள். சோதித்ததில் படிக்கிற பவர் மட்டும் பிளஸ் ஒன்றே முக்காலிலிருந்து பிளஸ் இரண்டாகியிருந்தது. "இந்த வயசுக்கு இது ஒண்ணுமே இல்ல. கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். அண்ணிக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணன் படியிறங்கும்போது சொன்னார்: "கண்ணு நல்லா இருக்குன்னா, அப்ப தலையிலதான் ஏதோ."

அதற்குப் பிறகு அவர் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும், பின்கட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன, ஸ்கூல்ல திரும்பச் சேத்துக்கிறாங்களா?" என்று அண்ணி உள்ளேயிருந்து கேட்டாள். வாய்பாடு நிற்கவில்லை. ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவர்தான். "நீயே கோத்துக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி ஊசியோடு திரும்பி வந்து பாப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பாப்பா, அவருக்கு அந்தப் புதுக் கண்ணாடியையாவது சீக்கிரம் ஆர்டர் போட்டுடு. மூக்குல புதுசா ஒண்ணு ஏறினா மனசு கொஞ்சம் மாறும்."

பாப்பா கையை ஈரம் போகத் துடைத்துவிட்டு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்தாள். எட்டு மாதம் முன்பு கடைக்காரர்கள் நச்சரித்ததால் அவள் ஒரு பட்டன் வைத்திருந்தாள்: 'பழைய ஆர்டர் போலவே'. திரும்பி வருகிற வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டாம். பட்டனை அழுத்தி, மாறியதை மட்டும் மாற்றினால் போதும். அண்ணனுடைய இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆர்டரை எடுத்து, அந்தப் பட்டனை அழுத்தி, படிக்கிற பவரில் ஒன்றே முக்காலை அழித்து இரண்டு என்று அடித்துச் சேமித்தாள்.

கண்ணாடிப் பெட்டியையும் துடைத்து வைத்துவிடலாம் என்று திறந்தபோது, உள்ளே நாலாக மடித்த கவர் ஒன்று இருந்தது. அண்ணன் தனக்குத் தானே தேய்த்துக்கொண்ட கண்ணாடிக்கு எழுதிய கவர். தன்னுடையதை மட்டும் பரணில் போடாமல் இங்கே வைத்திருக்கிறார். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா ஒத்துப் பார்ப்போமே என்று பழைய ஆர்டரைத் திறந்தாள்.

கவரில் பிளஸ் ஒன்றே முக்கால். ஸ்கிரீனில், பழைய ஆர்டரில், பிளஸ் இரண்டு.

ஐயோ, தன் கண்ணாடியிலேயுமா தப்பு பண்ணியிருக்கிறார்? பன்னிரண்டாவது. கவரை மடித்துப் பெட்டிக்குள் ஒளித்துவிடப் போனாள். ஓனர் கண்ணில் படக் கூடாது, அண்ணன் கண்ணில் அறவே படக் கூடாது.

மூடியை அழுத்தும்போதுதான் கை நின்றது. புது ஆர்டரில் வந்து நின்ற ஒன்றே முக்காலை இப்போதுதானே அழித்தாள்? ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பழைய ஆர்டரிலிருந்துதானே அது வந்தது? அப்படியானால் ஐந்து நிமிடம் முன்பு பழைய ஆர்டரில் ஒன்றே முக்கால்தான் இருந்திருக்கிறது. அதை இரண்டாக்கியது யார்?

போனில் ஓனர் அனுப்பிய பட்டியல் இருந்தது. பதினொரு ஆர்டர் எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கவரில் இருந்த பவர், பெயர் இல்லாமல். ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். முதலாவது: அந்த ஆள் திரும்பி வந்திருக்கிறார், பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், பவரை மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது: அப்படியே. பதினொன்றாவதும் அப்படியே. திரும்பி வராதவர்களில் ஒருவருடைய கவர்கூடப் பிசகவில்லை.

இது அவள் படிக்காத பாடம் அல்ல. மாலை வகுப்பில் ஆப்ஜெக்ட் என்கிற தகவல் பொட்டலத்தில் மாற்றக்கூடியது, மாற்ற முடியாதது என்று ஒரு வாரம் முழுக்க நடத்தினார்கள். பரீட்சையில் பத்துக்கு எட்டு வாங்கினாள். படித்தது வேறு, பட்டன் வைத்தது வேறு. புது ஆர்டருக்குப் பழைய பவரை நகல் எடுத்துக் கொடுத்ததாக அவள் நினைத்திருந்தாள். நகல் எடுக்கவில்லை. பழைய ஆர்டரில் இருந்த அதே பவரை, அந்த ஒன்றையே, புது ஆர்டரின் கையிலும் பிடித்துக்கொள்ளக் கொடுத்திருந்தாள். ஒன்றே ஒன்று, பிடித்திருப்பவர் இருவர். புது ஆர்டர் பக்கமிருந்து அதைத் திருத்தினால் பழைய ஆர்டர் பக்கமும் திருந்திவிடும். என்றைக்கோ தேய்த்து, கொடுத்து, மூக்கில் ஏறிப்போன லென்ஸின் பவர், ஸ்கிரீனில் மட்டும் பின்னோக்கி மாறிப்போகும்.

"என்ன பாப்பா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" அண்ணி துணி மடித்தபடியே கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் தப்பே பண்ணல."

"என்னடி சொல்றே?"

"என் தப்பு. நான் வெச்ச பட்டன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. உன் கம்ப்யூட்டர் பாஷை வேண்டாம்."

பாப்பா யோசித்தாள். "வீட்டுல என்னைப் பாப்பாங்கிறீங்க. பட்டறையில கம்ப்யூட்டரம்மாங்கிறாங்க. இங்க நீங்க பாப்பாவுக்கு முடியை வெட்டி விட்டீங்கன்னா, அங்க கம்ப்யூட்டரம்மாவுக்கும் முடி குறைஞ்சுதானே இருக்கும்?"

"இருக்கும். ஆள் ஒண்ணுதானே?"

"அதான். ஆர்டர் ரெண்டுன்னு நினைச்சேன். உள்ள இருந்த பவர் ஒண்ணுதான். புதுசை மாத்தினா பழசும் சேர்ந்து மாறிடுச்சு. அண்ணன் எழுதின அன்னிக்கு ஸ்கிரீன்ல ஒண்ணே முக்கால்தான் இருந்திருக்கு. அவர் சரியாத்தான் பாத்தார், சரியாத்தான் எழுதினார், சரியாத்தான் தேய்ச்சார்."

அண்ணி மடித்த துணியை நாற்காலியில் போட்டாள். பிறகு, "யாராவது தப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரியறாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி பாப்பாவுக்கே அப்போதுதான் உறைத்தது. பழைய லென்ஸ் உடைந்து, மாறிப்போன பவரைப் பார்த்து யாருக்காவது மறுபடி தேய்த்திருந்தால்? உடைந்து மறுபடி தேய்த்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். ஒன்பது பேர். அந்தப் பதினொன்றில் ஒருவர்கூட இல்லை. இன்னொரு முறை பார்த்தாள். இல்லை. நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அண்ணி."

"இவருக்கு ஆச்சே" என்றாள் அண்ணி. "போ, முதல்ல அவர்கிட்ட சொல்லு. பத்தொன்பதாம் வாய்பாட்டுக்குப் போயிட்டார்."

அண்ணனிடம் சொல்வது எளிதாக இல்லை. ஒரு நிமிடத்துக்கு, முதலில் சரிபண்ணிவிட்டுப் பிறகு சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. லேப்டாப்பை ஒரு கையிலும் கவரை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவர் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, வேறொரு ஆர்டரில் பட்டனை அழுத்திக் காட்டினாள். புதியதில் எண்ணை மாற்றினாள். பழையதைத் திறந்தாள். மாறியிருந்தது. பழையபடி ஆக்கினாள். அதுவும் மாறியது.

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னொரு தடவை பண்ணு."

பண்ணினாள்.

"இன்னொரு தடவை."

நாலாவது தடவை அவரே விரலை நீட்டி அழுத்தினார். பழைய ஆர்டரில் எண் மாறியதைப் பார்த்துவிட்டு, வாளியின் மேலேயே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். சாயச் சுவர் இல்லாததால் தடுமாறி, அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டார். அவள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"அப்ப என் தலையில ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"உங்க தலையில எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவ எட்டு வருஷம் படிச்சுப் புரோகிராம் எழுதிக் கெடுத்ததை, நீங்க கவரும் பேனாவும் வெச்சுக்கிட்டுக் கெடாம வெச்சிருந்தீங்க பாருங்க. இதுக்குத்தான் அந்த மனுஷன் காகித மில் கணக்குப் பாத்தார்."

ஓனர் போனை எடுத்தபோது சலூனில் இருந்தார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பு என்பதை முதலிலும் கடைசியிலும் இரண்டு முறை சொன்னாள். கத்தரிக்கோல் நின்றது.

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும் சார். பன்னிரண்டாவது அண்ணனோடது."

"அன்னிக்கு உங்களைக் கேட்டேனே மேடம்."

"கேட்டீங்க சார். யாராவது மாத்தினாத்தான் மாறும்னு சொன்னேன். மாத்தினது என் புரோகிராம்தான்."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி. நாளைக்கு அதைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் எல்லாக் கடைக்கும் போன் பண்ணி அந்தப் பட்டனைத் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. இப்ப போனை அவர்கிட்ட குடுங்க."

அண்ணன் போனைக் காதில் வைத்து எழுந்து நின்றுகொண்டார். "சரி முதலாளி... அதெல்லாம் எதுக்கு முதலாளி... இல்ல, இல்ல... பரவாயில்ல... மூணாவது மெஷினோட பெல்ட்டு ஒரு வாரமா சத்தம் போடுது, நாளைக்கு நான் வந்து பாத்துக்கிறேன்." போனைத் திருப்பிக் கொடுத்தபோது காது சிவந்திருந்தது. நேராகக் குளிக்கப் போனார். குளியலறையிலிருந்து வாய்பாடு கேட்கவில்லை. தண்ணீரைத் தாராளமாக ஊற்றுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

பாப்பா நாளைவரைக்கும் காத்திருக்கவில்லை. ஏழு கடைக்கும் போன் பண்ணிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டாள். பவர் என்ற ஆப்ஜெக்ட்டை இனிமேல் யாரும் திருத்த முடியாதபடி பூட்டினாள். ஒரு முறை உண்டானால் உண்டானதுதான். எண் மாற வேண்டுமென்றால் புதிதாக இன்னொன்று பிறக்கும், பழையது பழைய ஆர்டரின் கையில் இருந்தபடியே இருக்கும். எழுதிப் பார்த்தால் மொத்தம் முப்பது வரிகூட இல்லை. பிறகு ஓனரின் பட்டியலையும் பெட்டியில் இருந்த கவரையும் பார்த்து, மாறிப்போன பன்னிரண்டு எண்களையும் பழையபடி அடித்தாள். பரணில் அந்தக் கவர்கள் இல்லாதிருந்தால் அந்த எண்களை எங்கே போய்த் தேடியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டில் அண்ணன் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். மூன்று நாளில் முதல் முறை. அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாயங்காலம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து, காலையில் கழுவி வைத்த கண்ணாடிகளைத் தாண்டி, தரையில் நாலு சோடி வெளிச்ச வட்டங்களைப் போட்டது. அண்ணி தலையணை உறையைத் தைக்க எடுத்தாள். ஊசியையும் நூலையும் அண்ணன் பக்கம் நீட்டினாள். அவர் தன் பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நூல் முனையை நாக்கில் தொட்டு, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது.

"பழைய கண்ணாடியிலேயே நுழையுதே. புதுசு எதுக்கு தண்டம்?" என்றாள் அண்ணி.

"ஆர்டர் போட்டாச்சு. எழுதினா எழுதினதுதான்" என்றார் அண்ணன். மூவரும் சிரித்தார்கள். நாளைக்குத் தன் கண்ணாடியைத் தானே தேய்க்கப்போவதாகச் சொன்னார். அதற்குப் புதுக் கவர் போட வேண்டும் என்றார். பழைய கவரைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா."

"என்னண்ணா?"

"காலையில இந்தக் கவரைப் பாத்தே. ஸ்கிரீனைப் பாத்தே. ரெண்டும் வேற வேறயா இருந்தது." குரலில் கோபமில்லை, மெஷினில் எந்தத் திருகு தளர்ந்தது என்று கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார். "பாத்த உடனே, அந்த முதல் நிமிஷம், எது தப்புன்னு நினைச்சே?"

அண்ணியின் ஊசி துணிக்குள் பாதியில் நின்றது.

பாப்பா எழுந்தாள். தன் டம்ளரை எடுத்தாள், அண்ணியுடையதை எடுத்தாள். பாதி டீ இருந்த அண்ணனின் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.